இன்னோ செட்டப்: செருகுநிரலுக்குக் கட்டுச்சோறு

ஒலிப்பதிவு மென்பொருளுக்கென்று சிறிய எதிரொலிச் செருகுநிரல் (பெரிய மென்பொருளுக்குள் கூடுதல் வசதியாகச் சேரும் சிறு நிரல்) ஒன்றை எழுதினேன். என் கணினியில் கணீரென்று ஒலித்தது. நண்பரின் விண்டோஸ் கணினியிலோ அது பட்டியலிலேயே இல்லை. பிழைச் செய்திகூட வரவில்லை. அரை நாள் துழாவிய பிறகுதான் விளங்கியது: செருகுநிரல் இயங்கத் தேவையான விசிரன்டைம்140_1.டிஎல்எல் என்ற மைக்ரோசாஃப்ட் நூலகக் கோப்பு அங்கே இல்லை. நிரல் எழுத உதவும் விஷுவல் ஸ்டூடியோவை நிறுவியிருந்ததால் என்னிடம் அது ஏற்கெனவே இருந்திருக்கிறது. செருகுநிரலை மட்டும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த புத்திசாலி நான்தான்.

அப்புறம்தான் இன்னோ செட்டப்புக்கு வந்தேன். விண்டோஸ் மென்பொருள்களுக்கு நிறுவி தயாரிக்க 1997 முதல் இருக்கும் கருவி. முகம் பழையது, வேலை சுத்தம். எதை எங்கே வைப்பது என்று ஓர் உரைக்கோப்பில் எழுதித் தர வேண்டும். ‘ஃபைல்ஸ்’ பகுதியில் ஒரு வரி எழுதினால் செருகுநிரல், காமன் ஃபைல்ஸுக்குள் இருக்கும் விஎஸ்டி3 என்ற ஒலிச் செருகுநிரல்களுக்கான கோப்புறையில் போய் உட்காருகிறது. ‘ரன்’ பகுதியில் இன்னொரு வரி, விடுபட்ட அந்தக் கோப்பு அடங்கிய மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ நூலகத் தொகுப்பைச் சத்தமில்லாமல் நிறுவிவிடுகிறது. என் செருகுநிரல் 3 எம்பி. கூடவே போகும் தொகுப்போ 20 எம்பிக்கும் மேல். மாப்பிள்ளையைவிடத் தோழன் கனம்!

எந்த நூலகம் தேவை என்று இன்னோ செட்டப் தானாகத் தேடிப் பார்க்காது; அந்தப் பட்டியலை நாம்தான் தயாரிக்க வேண்டும். நிறுவும் திரைகளுக்குத் தமிழ் மொழிக் கோப்பும் கிடைக்கிறது. நண்பர் அதைத்தான் முதலில் கவனித்தார், எதிரொலியை அல்ல.