வைக்கோல் தொப்பியில் கதவு அலங்காரம்: வெயிலும் சாரலும் பட்ட பிறகு

வைக்கோல் தொப்பியில் பூவும் ரிப்பனும் கட்டி வாசல் கதவில் மாட்டுவதற்குச் செய்முறை வீடியோக்கள் ஏராளம். எல்லாமே மாட்டிய அன்றோடு முடிந்துவிடும். வருடம் திரும்பிய பிறகு அது எந்தக் கோலத்தில் இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. என் கதவில் சில வருடங்களாகத் தொங்குகிறது, அதனால் மீதிக் கதையை எழுதுகிறேன்.

முதலில் தொப்பி. வைக்கோல் என்று சொல்லி விற்கும் தொப்பிகளில் பல, முறுக்கிய காகித இழையால் பின்னியவை. பார்த்தால் வித்தியாசம் தெரியாது, சாரல் பட்டால் தெரிந்துவிடும். விளிம்பு ஊறித் துவண்டு தொங்கும், காய்ந்தாலும் பழைய வடிவம் வராது. ஓர் இழையின் நுனியைப் பிரித்து நனைத்து இழுத்துப் பாருங்கள். காகிதம் என்றால் பிய்ந்து கையோடு வரும். ராஃபியா, அதாவது ஒரு வகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் நார், இழுத்தால் தாங்கும். என் தொப்பி ராஃபியாதான். விளிம்பு கொஞ்சம் அலையடித்திருக்கிறதே தவிர, பின்னல் விடவில்லை.

அடுத்தது, பூவையும் இலையையும் தொப்பியில் பொருத்தப் பசையா கம்பியா என்ற கேள்வி. என் பதில் கம்பி. க்ளூ கன்னில் வரும் பசை சூட்டில் உருகி ஒட்டுவது, அதே சூட்டில் இளகவும் செய்யும். மாலை வெயில் நேராக அடிக்கும் அடர்நிறக் கதவு, அதன் முன்னால் ஒரு கண்ணாடிக் கதவும் இருந்தால் கேட்கவே வேண்டாம், இடையில் அனல் தேங்கிவிடும். பசையால் ஒட்டியிருந்த இலைகள் முதல் கோடையிலேயே ஒவ்வொன்றாக வாசற்படியில் கிடந்தன. கம்பியால் கட்டிய கொத்துகள் இன்றைக்கும் அசையவில்லை.

கட்டும் முறை சுலபம். 22 கேஜ் பூக்கம்பியைக் கொண்டை ஊசி போல வளைத்து, தண்டின் மேல் போட்டு, இரண்டு கால்களையும் பின்னல் வழியாகப் பின்பக்கம் இழுத்து முறுக்க வேண்டும். ரிப்பன் முடிச்சுக்கு 26 கேஜ் போதும் (எண் கூடினால் கம்பி மெலியும்). முறுக்கிய நுனியைக் கட்டாயம் பின்னலுக்குள் மடக்கிச் சொருகுங்கள். இல்லாவிட்டால் கதவு சாத்தும்போதெல்லாம் அது பெயின்ட்டில் கோடு கிழிக்கும். அதற்கு மேல் விளிம்பின் கீழ்ப்பக்கம் ரெண்டு ஃபெல்ட் வில்லை ஒட்டிவிட்டால் கதவுக்குப் பாதுகாப்பு. கம்பியால் இன்னொரு லாபம், கொத்தை மட்டும் கழற்றி வேறு கொத்து கட்டலாம்.

செய்பவர்கள் அதிகம் யோசிக்காதது எடை. ஒரே கொக்கியில் தொங்கும் தொப்பி, கனமான பக்கம் கீழே வரும்வரை திரும்பிக்கொண்டே இருக்கும். பூக்கொத்தை இடது ஓரத்தில் அழகாகக் கட்டினாலும், நாலு தடவை கதவு திறந்து மூடினால் அது நேர் கீழே வந்து நிற்கும். மாட்டும் வளையத்தை ஒரே புள்ளியில் கட்டாமல், விளிம்பின் மேல்பக்கம் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு இடத்தில் கட்டி, இரண்டு கொக்கியில் மாட்டினால் திரும்பாது. ஒரு கொக்கிதான் என்றால் கொத்தைக் கீழேயே கட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

நிறம்தான் பெரிய ஏமாற்றம். செயற்கைப் பூக்களில் சிவப்பும் ரோஸும் சீக்கிரம் வெளுத்தன. ஊதா ஒரு மாதிரி சாம்பலாகிவிட்டது. பிளாஸ்டிக் இலைகளில் மஞ்சள் போய் நீலம் பாய்ந்தது, அது எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. வெள்ளையும் க்ரீமும் வெளுத்தாலும் கண்ணுக்கு உறுத்தாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிவான அக்ரிலிக் ஸ்ப்ரே வெளுப்பதைத் தள்ளிப்போடுகிறது, நிறுத்துவதில்லை. உலர்பூ வைக்க ஆசைப்பட்டால் வீட்டின் உள்கதவுக்கு வையுங்கள், வாசல் கதவின் அதிர்வில் உதிர்ந்துகொண்டே இருக்கும். ரிப்பனில் ஓரத்தில் கம்பி ஓடும் வகைதான் முடிச்சின் வடிவத்தைக் காக்கிறது. சாட்டினில் தண்ணீர்க் கறை தங்கும், சணல் ரிப்பன் நூல் நூலாகப் பிரியும்.

அப்புறம் குடித்தனக்காரர்கள். தொப்பியின் குழிந்த உட்பக்கம் கதவைப் பார்த்து இருப்பதால் சிலந்திக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சின்னப் பறவைகளும் கதவு அலங்காரங்களில் கூடு கட்டும். முட்டை வைத்த கூட்டைக் கலைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம், குஞ்சு பறக்கும்வரை வேறு கதவு வழியாகத்தான் நடமாட வேண்டியிருக்கும். குழிக்குள் குமிழ் பிளாஸ்டிக் உறையைச் சுருட்டி அடைத்து, மேலே ஒரு வலைத்துணியைத் தைத்துவிட்டேன். காற்றில் நடுமேடு நசுங்காமல் இருக்கவும் அது உதவுகிறது. செய்தித்தாள் அடைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சை வரவழைக்கும்.

தூசிக்குக் காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். விளிம்பு வளைந்துபோனால் ஆவியில் காட்டி, மேசையில் பரப்பி, மேலே புத்தகங்களை வைத்து நன்றாகக் காயவிடுங்கள், பெருமளவு நேராகிவிடும்.

மழை நேராக அடிக்கும், மேலே கூரை நீட்டலே இல்லாத கதவுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ராஃபியாவானாலும் சரி. கொஞ்சம் நிழல் இருக்கிற கதவு என்றால் தாராளமாகச் செய்யலாம். தொப்பிக்கும் கம்பிக்கும் முதலில் செலவு செய்யுங்கள், பூவை மலிவாகவே வாங்குங்கள். எப்படியும் அதைத்தான் மாற்றப் போகிறீர்கள்.