நகாசு வேலை செம்பு டம்ளர்: எல்லாம் சரி, அந்த விளிம்பு?

புதுமனை புகுவிழாவுக்குக் கொடுக்க நகாசு வேலை செய்த செம்பு டம்ளர் வாங்கலாமா, உன்னிடம்தான் ஒன்று இருக்கிறதே என்று தோழி கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. சில வருஷமாகத் தினமும் அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது முராதாபாத் வேலை. உத்தரப் பிரதேசத்தில் ராமகங்கைக் கரையில் இருக்கும் அந்த ஊரைப் பித்தளை நகரம் என்றே சொல்வார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக உளி பிடிக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த ஊர் நகாசுக் கலைஞர் தில்ஷாத் உசேனுக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்த வேலைக்கு அந்த மரியாதை தகும்.

டம்ளரின் அடியிலிருந்து ஒரு கொடி சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. ஒவ்வொரு இலையிலும் உளி இறங்கிய இடம் ஆழமாகவும், எழுந்த இடம் மயிரிழையாகவும் இருக்கிறது. எந்த இரண்டு இலையும் ஒன்றுபோல் இல்லை. அச்சில் அழுத்திய மலிவுச் சரக்கில் கோடெல்லாம் ஒரே ஆழம். உள்ளே விரல் விட்டுத் தடவினால் பூவின் மேடு பள்ளம் தட்டுப்படும். என் டம்ளரின் உட்புறம் வழவழவென்று இருக்கிறது. எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் உண்டு: ஈரக் கையோடு எடுத்தாலும் இது வழுக்குவதில்லை.

அப்புறம் அந்த விளிம்பு. கொடியை ஒரு விரற்கடை கீழேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வாய் வைக்கிற இடம் வரை இலை. ஒவ்வொரு மடக்கிலும் உதட்டில் சொரசொரப்பு. என் மாமியார் அண்ணாந்துதான் குடிப்பார். அவருக்கு இந்த டம்ளர் மேல் ஒரு குறையும் இல்லை. எனக்கு அப்படிக் குடிக்க வராது.

கழுவும்போதுதான் எரிச்சல் முற்றுகிறது. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் மேடெல்லாம் உடனே பளபளக்கும். பள்ளத்துக்குள் புளிச் சக்கை மாட்டிக்கொள்ளும். அதை எடுக்காமல் விட்டால் ஈரம் தங்கி அங்கேயே பச்சைக் களிம்பு பூக்கும். பழைய டூத்பிரஷ்ஷால் தோண்டி, அலசி, துணியால் ஒற்றிக் காயவைக்க வேண்டும். உடம்புப் பகுதியில் பள்ளம் கறுத்தால் அழகுதான், கொடி இன்னும் எடுப்பாகத் தெரியும். பள்ளத்தில் கறுப்பு அரக்கு நிரப்பி அந்த எடுப்பை வேண்டுமென்றே கொண்டுவரும் வேலையும் முராதாபாத்தில் உண்டு. வாயருகே கறுப்பை அப்படி விட்டுவைக்க முடியுமா? வயிற்றுக்குள் போகிற சமாச்சாரம்.

கொடி எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்தது உளி பிடித்தவரா, வேலை கொடுத்தவரா, தெரியாது. யார்மேல் பழி போடுவது? ஆனாலும் கோபம் வருகிறது. இவ்வளவு கைத்திறனைக் கொட்டிய ஒரு பொருளில், குடிக்கிறவரின் உதட்டை யாருமே நினைக்கவில்லையே.

அதனால் தோழி, இதே மாதிரி டம்ளரை வாங்காதே. விளிம்பை உருட்டி, அதற்குக் கீழே கொஞ்சம் வெறுமையாக விட்டது கண்ணில் பட்டால் விலை பார்க்காமல் எடு. கடையிலேயே கட்டைவிரலை விளிம்பு முழுக்க ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிடு. அப்படிக் கிடைத்தால் எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கு, காசு தந்துவிடுகிறேன்.