வண்ணாரப்பேட்டைப் பட்டறையில் அச்சான திரைச்சீலை

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தின் இரண்டு சன்னல்களுக்காக, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு சிறு பட்டறையில், கையால் ஸ்கிரீன் அச்சிட்ட கெட்டிக் காட்டன் துணி 9 மீட்டர் வாங்கினேன். மீட்டர் 520 ரூபாய். கடைத்தெருவில் அதில் பாதி விலைக்கே டிஜிட்டல் அச்சுத் திரைகள் கிடைத்தன. ஆனால் நான் தேடியது 1950களின் பாணி.

அந்தப் பாணிக்கு முன்னோடியான துணி, ஆங்கிலேயத் துணி வடிவமைப்பாளர் லூசியன் டே வரைந்து, 1951இல் லண்டனில் நடந்த 'பிரிட்டன் விழா' (Festival of Britain) என்ற கண்காட்சியில் வைக்கப்பட்ட 'காலிக்ஸ்'. பூவின் புல்லிவட்டம், அதாவது இதழ்களை அடியில் தாங்கும் கிண்ணம் என்பதே அந்தப் பெயரின் பொருள். மெல்லிய கோட்டுக் காம்புகளின் நுனியில் கிண்ணம் கிண்ணமாக வண்ணங்களை நிறுத்தி, பூப்போட்ட பழைய திரைத்துணிகளிலிருந்து முற்றிலும் விலகிய அந்த வடிவத்தை இந்தப் பட்டறைக்காரர் நகலெடுக்கவில்லை. பூவரசங்காயின் அடியில் தட்டுப்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் புல்லிவட்டத்தைப் பார்த்துத் தாமே வரைந்திருக்கிறார். நம் தெருவில் நிற்கும் மரம் சன்னலுக்கு வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அச்சிடுவதை அருகில் நின்று பார்த்தேன். நீண்ட மேஜையில் துணியைச் சுருக்கமின்றி ஒட்டி, ஓரச் சட்டத்தில் உள்ள நிறுத்தங்களில் ஸ்கிரீனை, அதாவது வடிவம் மட்டும் சாயத்தை விடும் வலை கட்டிய ஃபிரேமைப் பொருத்தி, இருவர் எதிரெதிரே நின்று ரப்பர் கட்டையால் சாயத்தை இழுக்கிறார்கள். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒன்றுவிட்டு ஒன்றாக அச்சிட்டு, அவை காய்ந்த பிறகே இடையில் விட்டவற்றுக்குத் திரும்புகிறார்கள். இல்லாவிட்டால் ஈரச் சாயத்தின்மேல் ஃபிரேம் பட்டு இழுகிவிடும். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என மூன்று நிறத்துக்கும் மூன்று ஸ்கிரீன்கள். மஞ்சளின்மேல் சிவப்பு ஏறும் இடத்தில், எந்த ஸ்கிரீனிலும் இல்லாத ஒரு பழுப்பு தானாகப் பிறக்கிறது. இந்தத் துணியில் நான் மிகவும் விரும்புவது அந்தப் பழுப்பைத்தான். இரண்டோர் இடங்களில் கறுப்புக் கோடு மயிரிழை விலகியிருப்பதை நான் குறையாகவே கருதவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. வடிவம் 60 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. 7 அடிச் சீலைகள் அருகருகே தொங்கும்போது காம்புகள் ஒரே உயரத்தில் சேர வேண்டுமானால், ஒவ்வொரு சீலைக்கும் 2.4 மீட்டர் வெட்ட வேண்டும். பட்டறையில் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 9 மீட்டரில் மூன்று சீலைகள் சரியாக அமைந்தன. நான்காவதற்கு மிஞ்சியது 1.8 மீட்டர்தான்; அது 7 அடிக்கு எட்டவில்லை. சொன்ன நாளுக்கு மூன்று வாரம் தாமதமாகவும் வந்தது.

முதலில் சிவப்புப் பகுதிகள் விறைப்பாக இருந்தன; இரண்டு சலவைக்குப் பின் இளகின, சாயம் போகவில்லை. மேற்குச் சன்னலுக்கு உள்துணி வைத்துத் தைப்பது நல்லது. இதே துணியை நாற்காலி மெத்தைக்கும் கேட்டேன். உட்கார்ந்து எழும் உரசலில் கறுப்பு தேய்ந்துவிடும் என்று கூறி, பட்டறைக்காரரே கொடுக்க மறுத்துவிட்டார்.