சிக்னலா, சிக்ஆக்ஷனா? சி தரமும் பாசிக்ஸும் முட்டும் இடம்

வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கம் எடைமேடைகளுக்கு சி மொழியில் ப்ரோக்ராம் எழுதும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, சி தரத்தோடு நின்றுவிடவா, பாசிக்ஸுக்குப் போகவா?"

சி தரம் என்பது சி மொழிக்கான ஐஎஸ்ஓ விதிநூல்; பாசிக்ஸ் என்பது யூனிக்ஸ் வகை சிஸ்டங்கள் ப்ரோக்ராம்களுக்கு என்னென்ன தர வேண்டும் என்று சொல்லும் தரம். ஏட்டில் இரண்டுக்கும் சண்டையே இல்லை. முரண் வந்தால் அது தெரியாமல் வந்தது, ஐஎஸ்ஓ சி சொல்வதே செல்லும் என்று பாசிக்ஸே எழுதி வைத்திருக்கிறது. தகராறெல்லாம் சி தரம் பேசாமல் விட்ட இடங்களில்தான்.

சிக்னலை, அதாவது ஓடும் ப்ரோக்ராமுக்கு சிஸ்டம் அனுப்பும் அறிவிப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் பாதி எடையில் நிற்காமல், ஒரு ஃப்ளாகை மட்டும் மாற்றிவிட்டு, எடை பதிவானபின் வெளியேற, சி தரத்தின் சிக்னல் ஃபங்ஷனால் ஒரு ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) வைக்கிறோம். ஒருமுறை ஓடிய ஹேண்ட்லர் நிலைக்குமா, கழன்றுவிடுமா? சி தரம் அதை அந்தந்த சிஸ்டத்தின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது. சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் கழன்றுவிடும், யூனிக்ஸின் இன்னொரு கிளையான பிஎஸ்டியில் நிலைக்கும். லினக்ஸில் ஜிசிசி கம்பைலரைச் சும்மா ஓட்டினால் பிஎஸ்டி வழி. அதே ஃபைலை, வேறு மேக்ரோ (லைப்ரரியில் எது தெரிய வேண்டும் என்று சொல்லும் வரையறை) எதுவும் இல்லாமல், கறாரான சி11 (2011-ன் சி தரம்) ஆப்ஷனோடு கம்பைல் செய்தால், லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி சிஸ்டம் ஃபைவ் வழிக்கு மாறிவிடும். கோடில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. ஆனால் இரண்டாவது கன்ட்ரோல்-சிக்கு ப்ரோக்ராம் செத்துவிடும். எடைக்கருவி இணைந்த சீரியல் போர்ட்டில் எடைக்காகக் காத்திருக்கும் ரீட் (படிக்கும் ஃபங்ஷன்), முதல் சிக்னலிலேயே பிழையோடு திரும்பிவிடும். மேடைமேல் லாரி நிற்கும்போது இது நடக்கவே கூடாது.

பாசிக்ஸ் தரும் சிக்ஆக்ஷன் ஃபங்ஷனில் இந்த ஊகமெல்லாம் வேண்டாம். ஹேண்ட்லர் நிலைக்க வேண்டுமா, ரீட் தொடர வேண்டுமா என்று நாமே ஃப்ளாக் போட்டுச் சொல்லிவிடலாம். கறாரான சி11-ல் அது கண்ணில் படாது; ஃபைலின் தலையில் பாசிக்ஸ் மேக்ரோ போட வேண்டும். விண்டோஸின் சி லைப்ரரியில் கிடையாது. இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். சீரியல் போர்ட் என்ற பேச்சே சி தரத்தில் இல்லை. அதைத் திறக்கும்போதே சி எல்லையைத் தாண்டிவிட்டோம்.

த்ரெட் (ஒரே ப்ரோக்ராமுக்குள் பல வேலைகளைச் சேர்ந்தாற்போல் ஓட்டும் வழி) விஷயத்திலும் அப்படியே. பாசிக்ஸ் த்ரெட் 1995 முதல் இருக்கிறது. சி தனக்கென ஒன்றை 2011-ல்தான் கொண்டுவந்தது, அதுவும் கட்டாயமில்லை. ஜிலிப்சியில் அது வந்தது 2018-ல். பழைய லினக்ஸ் ஓடும் பெட்டிகளுக்கு பாசிக்ஸ் த்ரெட்டே போதும்.

அப்புறம், எல்லாவற்றையும் பாசிக்ஸில் கொட்டிவிடாதீர்கள். மொத்த எடையில் வண்டி எடையைக் கழிப்பது, ரசீது வரியை அமைப்பது இதெல்லாம் தனி ஃபைலில் சுத்தமான சி-யாகவே இருக்கட்டும். ஆபீஸில் இருக்கும் விண்டோஸ் கணினியிலும் அந்த ஃபைல் அப்படியே கம்பைல் ஆகும்.