மெடலை பிரேம் போடக் கொடுக்கிறீர்களா? முதலில் விளிம்பைப் படம் எடுங்கள்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை பட்டாளம். கொள்ளுத் தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து முதல் உலகப் போரில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) போனவர். தாத்தா பர்மா முனை. அப்பா 1971 போர். வேலூர்ப் பக்கம் இது பெரிய அதிசயம் இல்லை. மூவரின் மெடல்களும் ஒரே டிரங்குப் பெட்டியில், பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கிடந்தன.

போகியன்று அப்பா பெட்டியைத் திறப்பார். கொள்ளுத் தாத்தாவின் வெள்ளி மெடலைக் கையில் கொடுத்து, விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்வார். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன். அதெல்லாம் லட்சக்கணக்கான மெடல்களில் இருப்பதுதான். எங்களுடையது என்று சொல்ல, விளிம்பில் பொறித்த சிப்பாய் எண்ணும் பெயரும் மட்டுமே உண்டு. பெயரிலும் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும். "வெள்ளைக்காரன் முழுங்கிட்டான்" என்று அப்பா ஒவ்வொரு வருடமும் சிரிப்பார்.

அப்பாவின் 75வது பிறந்தநாளுக்காக, மெடலுக்கு ரிப்பன் மாற்றிப் பாலீஷ் செய்து பிரேம் போடும் ஒரு கடையில் கொடுத்தேன். பதினைந்து நாள் என்றார்கள், ஏழு வாரம் ஆனது. ரசீதில் "மெடல் 7, பிரேம் 1". அவ்வளவுதான். வேலை என்னவோ அழகு. நீல வெல்வெட், புது ரிப்பன், கண்ணாடியைச் சுற்றிப் பசை வைத்து மூடியிருந்தார்கள். முகம் தெரியும், விளிம்பு தெரியாது. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மழைக்காலத்தில் வெல்வெட்டில் பூசணம் பிடிக்கவே பிரித்தேன். வெள்ளி மெடலின் விளிம்பு வழவழவென்று இருந்தது. கடையில் கேட்டால், "நூறு வருஷத்துப் பொருள் சார், பாலீஷில் தேஞ்சிருக்கும்." அழுத்திப் பாலீஷ் போட்டால் எழுத்து தேயும், உண்மைதான். தடம்கூடவா இருக்காது?

தெரிந்த ஆசாரியிடம் காட்டினேன். உரசிப் பார்த்து, வெறும் முலாம் என்றார். அசல் 36 மில்லிமீட்டர் அகலம். இது ஒரு மில்லிமீட்டர் குறைவு. அசலில் அச்சு எடுத்து வார்த்தால் ஆறும்போது உலோகம் சுருங்குமாம். நகலில் விழுந்த எழுத்தை அரம் போட்டு ராவியிருக்கலாம் என்றார்.

1971 போருக்காக அப்பாவுக்குக் கிடைத்த சங்கிராம் மெடலில் மட்டும் பெயர் அப்படியே இருக்கிறது. அதற்கு விலை கிடைக்காது போலும். தாத்தாவின் பர்மா ஸ்டாரில் முதலிலிருந்தே பெயர் கிடையாது. இப்போது பிரேமில் இருப்பது அவருடையதுதானா என்று எப்படிச் சொல்வது?

புகார் கொடுக்கப் போனால் படம் கேட்டார்கள். முகத்துக்கு இருபது படம் இருந்தது, விளிம்புக்கு ஒன்றுகூட இல்லை. நீங்கள் கொடுப்பதாக இருந்தால் விளிம்பைச் சுற்றிலும் வீடியோ எடுத்து, அதில் உள்ள சிப்பாய் எண்ணையும் மெடலின் எடையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பின்பக்கம் திறக்கிற பிரேமாகக் கேளுங்கள். பாலீஷே வேண்டாம்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. போகிக்கு இரண்டு மாதம் இருக்கிறது.