பித்தளை என்.ஆர்.வி: ஸ்பிரிங் வகையா, ஃபிளாப் வகையா?

மோட்டார் ஓடுகிறது, மேல்தொட்டியில் தண்ணீர் நூலாகத்தான் விழுகிறது என்றால் எல்லோரும் முதலில் மோட்டாரைத்தான் கழற்றுவார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது லைனில் இருக்கும் என்.ஆர்.வி.யை. தண்ணீரை மேலே விட்டு, கீழே திரும்ப விடாத ஒருவழி வால்வு அது. 1 அங்குல பித்தளை வால்வில் கடைகளில் கிடைக்கும் இரண்டு வகைகளைப் பற்றியதுதான் இந்த மதிப்பீடு.

ஸ்பிரிங் வகையில், ஒரு வட்டத் தட்டை ஸ்பிரிங் வாய்மேல் அழுத்திப் பிடித்திருக்கும். மோட்டார் அழுத்தம் அதைத் தள்ளித் திறக்கும். மோட்டார் நின்றதும் தண்ணீர் திரும்புவதற்குள் தட்டு மூடிவிடும். அதனால் லைனில் ‘டம்’ என்ற அடி குறைவு. நட்டுக்குத்தாக, படுக்கையாக, சாய்வாக எப்படியும் மாட்டலாம். இரண்டு மூன்று மாடி ஏறும் லைனுக்கு இதுதான் சரி.

இதன் பலவீனம், தட்டைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் நடுத்தண்டு. உப்புத் தண்ணீரில் வரும் கால்சியம் கார்பனேட், தண்டும் அதன் துளையும் உரசும் இடத்தில் படியும். அந்த இடைவெளி மிகக் குறுகல் என்பதால் மெல்லிய படிவே தண்டைப் பாதி வழியில் நிறுத்திவிடும். தொட்டி நிரம்பும் நேரம் மெல்ல மெல்லக் கூடுவதால் வீட்டில் யாருக்கும் உறைக்காது. மூட முடியாமல் சிக்கினால் தொல்லை வேறு மாதிரி: லைன் தண்ணீர் முழுக்கக் கீழே இறங்கிவிடும், தரைக்கு மேலே வைக்கும் மோனோபிளாக் மோட்டார் காற்று பிடிக்கும், தண்ணீருக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் என்றால் அதன் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) பின்னோக்கிச் சுழலும். அந்த நேரத்தில் ஸ்விட்சைப் போட்டால் ஷாஃப்டே முறியலாம்.

இதயத்தில் உள்ள ஒருவழி வால்வுகளிலும் இதே இரண்டு கோளாறுகள்தான்: திறக்காதது, மூடாதது. இடது கீழறையிலிருந்து உடலுக்கு இரத்தத்தை விடும் மகாதமனி வால்வு நல்ல நிலையில் 3 முதல் 4 சதுர செ.மீ. திறக்கும். 1 சதுர செ.மீ.க்குக் கீழே போனால் அது கடுமையான அடைப்பு. இடது கீழறை முக்கித் தள்ளித் தள்ளித் தசை தடித்துப்போகும். இதுவும் மெதுவாகவே வருவதால், நோயாளி அறியாமலே நடையைக் குறைத்துக்கொள்வார். மாடி ஏறும்போது மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தே ஆக வேண்டும். அங்கே படிவது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அதுவும் இதழின் திசுவுக்குள்ளேயே. அதைக் கரைக்க மாத்திரை இல்லை. அறுவை செய்தோ, தொடை இரத்தக்குழாய் வழியாகவோ புது வால்வு வைப்பதுதான் வழி. 1960இல் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டாரும் நீரியல் பொறியாளர் லோவெல் எட்வர்ட்ஸும் சேர்ந்து செய்த செயற்கை வால்வு, கூண்டுக்குள் ஒரு பந்து. குழாய் லைன்களில் வரும் பந்து வகை என்.ஆர்.வி.யும் வேலை செய்வது அப்படித்தான்.

குழாய்க்கு வருவோம். ஃபிளாப் வகையில் கதவு போன்ற மடல் கீலில் ஆடும். பாதை அகலம், தண்டு கிடையாது. பெரிய நன்மை தலையில் உள்ள மூடி: வால்வு லைனிலேயே இருக்க, அதை மட்டும் திருகித் திறந்து சுத்தம் செய்யலாம். குறை, தாமதமாக மூடும். உயரமான லைனில் அடி பலமாகக் கேட்கும். படுக்கையாக மாட்டினால் மூடி மேலே பார்க்க வேண்டும். நட்டுக்குத்தாக என்றால் தண்ணீர் மேல்நோக்கிப் போகும் லைனில் மட்டும்.

வாங்கும்போது அம்புக்குறி பக்கமாக வாயால் ஊதுங்கள். ஃபிளாப் வகை எளிதாகவும், ஸ்பிரிங் வகை கொஞ்சம் அழுத்தம் கொடுத்தும் திறக்கும். எதிர்ப்பக்கம் துளிக் காற்றும் போகக் கூடாது. ஸ்பிரிங் வகையில் பென்சிலால் தட்டை அமுக்கி விடுங்கள். சாயாமல் நேராகத் திரும்ப வேண்டும். உடல் பித்தளை, உள்தண்டு பிளாஸ்டிக் என்று வருவதைத் தவிர்த்துவிடுங்கள். தண்டு தேய்ந்தால் தட்டு கோணலாக உட்காரும்.

மாட்டும்போது மோட்டாரிலிருந்தோ எல்போவிலிருந்தோ குழாய் விட்டத்தைப் போல் 5 மடங்கு, அதாவது 1 அங்குலக் குழாய்க்கு 5 அங்குலம், நேர்க்குழாய் விடுங்கள். பக்கத்தில் ஒரு யூனியன் (குழாயை வெட்டாமல் கழற்ற உதவும் இணைப்பு) போடுங்கள். டெஃப்லான் டேப்பை முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். முனையில் தொங்கும் பிசிறு உள்ளே இழுபட்டு, தட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே வெள்ளை நூலாகக் கிடக்கும். புது வால்வே ஒழுகுகிறது என்றால் முதலில் இதைத் தேடுங்கள்.

சுத்தம் செய்ய, 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 2 மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம். ரப்பர் வாஷரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். இரவு முழுக்க விடாதீர்கள். கழிப்பறை அமிலம் பக்கமே போகாதீர்கள். பித்தளையில் செம்பு நிறத் திட்டு தெரிந்தால் துத்தநாகம் அரித்துப் போயிருக்கிறது, வால்வையே மாற்றுங்கள். ரப்பரில் முடி அளவு பள்ளம் விழுந்திருந்தாலும் வாஷரை மாற்றுங்கள்.

உப்புத் தண்ணீர், தாழ்வான தொட்டி என்றால் எங்கள் தேர்வு ஃபிளாப். உயர லைனுக்கு உலோகத் தண்டுள்ள ஸ்பிரிங், அதுவும் இரு துண்டாகக் கழற்ற முடிவது. சிக்கிய வால்வைச் சுத்தியலால் தட்டித் திறக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தண்ணீர் வரும்தான், ஆனால் உடைந்த உப்புச் செதில் தட்டின் வாயில் மாட்டி, திறக்காத வால்வு மூடாத வால்வாகிவிடும்.