செஸ்னா 172என்: பல வருஷம் ஓட்டி விற்ற அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒருத்தர் சொந்த விமானம் வைத்திருக்கிறார் என்றால், டத்தோ பட்டம் வாங்கிய பெரும்புள்ளியாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். எங்கள் கதை வேறு. லோரிப் பட்டறை நடத்தும் நான், ஓய்வுபெற்ற தோட்ட நிர்வாகி ஒருவர், ஒரு டாக்டர், ஒரு பள்ளி ஆசிரியர் என்று நாலு பங்கு. விற்ற பணத்தை நாலாகப் பிரித்தால் ஆளுக்குக் கிடைத்தது ஒரு பழைய ஹைலக்ஸ் விலைதான். 1978ஆம் ஆண்டுத் தயாரிப்பு செஸ்னா 172என். ஈப்போ விமான நிலையத்தில் வாடகை ஷெட்டில் நின்றது. வாங்க வருகிறவரும் விற்க நினைக்கிறவரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் விமானம். 172 வரிசை 1956இல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகத்தில் வேறெந்த விமானமும் இவ்வளவு விற்றதில்லை. அதனால் ஒரு பாகம் கிடைக்காமல் மாதக்கணக்கில் நின்றது என்ற பேச்சே எங்களுக்கு வரவில்லை. நிதானமான வண்டி. 110 நாட் வேகம் (மணிக்கு 200 கிலோமீட்டர் சொச்சம்), மணிக்கு 30 லிட்டர் சொச்சம் ஏவ்கேஸ், அதாவது சின்ன விமானங்களுக்கான பெட்ரோல். பினாங்குக்கு நாற்பது நிமிஷத்துக்குள் போய்விடலாம், லங்காவிக்கு ஒன்றேகால் மணி நேரம். ஏவ்கேஸ் எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது என்பதால், போகிற இடத்தைவிடத் திரும்பி வரும் எண்ணெயைப் பற்றித்தான் முதலில் யோசிக்கவேண்டும்.

சீட் நாலு இருக்கிறது. நாலு பேர் ஏறலாமா என்பது தனிக் கேள்வி. புறப்படும்போது அதிகபட்ச எடை 1,043 கிலோ. எங்களுடையதில் விமானத்தின் வெற்று எடையையும் நிறைந்த டாங்கியையும் கழித்தால், மிச்சம் 280 கிலோ சொச்சம்தான். தீபாவளிக்கு அடுத்த வாரம் எங்கள் வீட்டு ஆட்கள் நாலு பேரை ஏற்றினால் ஒரு முறுக்கு டப்பாவுக்குக்கூட இடமிருக்காது. இரண்டு பேர், இரண்டு பை, நிறைந்த டாங்கி என்றால் இதைப்போலச் சொன்னபடி கேட்கும் விமானம் கிடையாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கனமழையில் நின்றால் இறக்கையும் கூண்டும் சேரும் இடத்தில் ஒழுகும். பழைய செஸ்னாக்களுக்கெல்லாம் உள்ள வியாதி. தரையில் நிற்கும்போது உள்ளே அடுப்பங்கரைச் சூடு. மதியம் இரண்டு மணிக்கு மேல் தித்திவங்சா மலைப் பக்கம் கருக்க ஆரம்பித்தால் திரும்பிவிட வேண்டியதுதான். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் ஐஸ் கட்டும் என்று சொன்னால் பட்டறைப் பையன்கள் சிரிப்பார்கள். உண்மையில் நம் ஊர் ஈரக்காற்றுதான் அதற்குத் தோது. வெளியே 25 டிகிரி வெயிலிலும், கார்புரேட்டர் தொண்டையில் பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியில் ஐஸ் பிடிக்கும். இறங்கும்போது கார்ப் ஹீட், அதாவது கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் கைப்பிடியை, இழுப்பதை மறக்கக்கூடாது.

இனி விற்பனை. விளம்பரம் போட்டதும் வந்த முதல் கேள்வி எல்லாரிடமிருந்தும் ஒன்றுதான்: "எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?" கார் வாங்கும் புத்தி. குறைவாக ஓடினால் நல்லது என்ற நினைப்பு. இந்த இடத்தில்தான் எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. நம் சீதோஷ்ணத்தில் குறைவாகப் பறந்த விமானத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன். இதிலுள்ள லைகோமிங் நிறுவன எஞ்சினுக்கு ஓவர்ஹால், அதாவது முழுசாகப் பிரித்துப் புதுப்பிக்கும், கெடு 2,000 மணி நேரம் அல்லது 12 வருஷம், எது முந்துகிறதோ அது. 'ஓவர்ஹாலுக்குப் பிறகு வெறும் 300 மணி நேரம்' என்று போட்டிருப்பார்கள். அந்த 300 மணி நேரம் பதினைந்து வருஷத்தில் ஓடியதாக இருந்தால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் துரு இல்லை என்று யார் உத்தரவாதம் தருவது? இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. நின்றுபோனால் எண்ணெய் வடிந்து உலோகம் வெறுமையாக நிற்கும். வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓட்டி அணைப்பது அதைவிட மோசம். எண்ணெய் சரியாகச் சூடாகாமல், எரிபொருள் எரிந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

172என்-இல் உள்ள ஓ-320-எச்2ஏடி எஞ்சினுக்குக் கேம்ஷாஃப்டும் அதன்மேல் உரசும் டாப்பெட்டும் சீக்கிரம் தேயும் என்ற கெட்ட பெயர் வேறு உண்டு. அதற்கென்றே எண்ணெயில் ஒரு சேர்மானம் ஊற்றச் சொல்கிறது லைகோமிங். விவரம் தெரிந்தவர் முதலில் அதைத்தான் கேட்பார். கேட்காதவரிடம் நானே சொல்லிவிடுவேன். அதோடு பாதிப் பேர் காணாமல் போனார்கள். நல்லதுதான்.

கடைசியில் வாங்கியவர் ஜோகூர்க்காரர், செம்பனை வியாபாரம். தன் எஞ்சினியரை உடன் அழைத்து வந்தார். நாங்கள் புதுசாக மெழுகு போட்டுத் துடைத்து வைத்திருந்த இறக்கையை அந்த மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகட்டைச் சுற்றிலும் அறுத்து, உள்ளேயிருந்த மடிப்புத் தாளை வெளியே இழுத்து வெயிலில் விரித்தார். ஒவ்வொரு மடிப்பாகக் காந்தத்தை ஓட்டினார். காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. கரித்தூளை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அடுத்தது" என்றார். நாலு சிலிண்டரும் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று கம்ப்ரெஷன் சோதனை: 80க்கு 76, 74, 77, 75. 80க்கு நெருங்க நெருங்க நல்லது. இருக்கைத் தண்டவாளத் துளைகளை அளந்தார். தேய்ந்த தண்டவாளத்தில் சீட் பின்னால் நழுவி, மேலெழும் நேரத்தில் கட்டுப்பாடு கைவிட்டுப்போன விபத்துகள் செஸ்னாக்களில் நடந்திருப்பதால், 1987 முதல் அமெரிக்காவில் இந்தச் சோதனை கட்டாயம். தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்தார்.

அதற்குப் பிறகு பறப்பும் பழுதுபார்ப்பும் பதியும் லாக் புக். உடற்பகுதிக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, புரொப்பெல்லருக்கு ஒன்று. பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் 2020இல் நின்றார். ஜோகூர்க்காரரும் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இந்த இடத்துல பறக்கவே இல்லையேண்ணே?"

"எம்சிஓலா தம்பி. அடுத்த வரியைப் படிங்க."

அந்த வருஷம் மார்ச் 18ஆம் தேதி கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை (எம்சிஓ) வந்தது. 10 கிலோமீட்டர் வட்டத்தைத் தாண்டக்கூடாது என்றிருந்த நாட்களில், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ எங்களுக்கு வெளிநாடு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த எங்கள் எஞ்சினியர்தான் எஞ்சினை முறைப்படி 'தூங்க' வைத்தார். துருத் தடுப்பு எண்ணெய் மாற்றி, சிலிண்டர்களுக்குள் அதையே தெளித்து, ஸ்பார்க் பிளக் இருந்த இடத்தில் ஈரம் உறிஞ்சும் பிளக்குகளை மாட்டி, எக்ஸாஸ்ட் வாயை அடைத்து, 'புரொப்பெல்லரைத் திருப்பாதே' என்று அட்டை கட்டிவிட்டார். அந்தப் பிளக்குக்குள் சிலிக்கா மணிகள் நீலமாக இருக்கும். ஈரம் ஏறினால் ரோஜா நிறமாக மாறும். மாறியபோதெல்லாம் புதுசு போட்டு, தேதியோடு கையெழுத்தும் போட்டிருந்தார். அவருக்குச் சம்பளம் கொடுக்க அப்போது எங்களில் ஒருவர் முணுமுணுத்தது உண்டு. ஜோகூர்க்காரரின் எஞ்சினியர் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். பேரம் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

240,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்டோம், 225,000க்கு முடிந்தது. இதே வயது விமானத்தில் ஒரு லாக் புக் தொலைந்திருந்தாலே வாங்குபவர் விலையைப் பலமாக உடைப்பார்; நாங்கள் விட்டுக்கொடுத்தது பழைய ரேடியோவுக்காக மட்டும். பெயின்ட்டுக்குச் செலவழித்தது திரும்பவில்லை. விற்கும் முன் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், அந்தக் காசில் ஒரு வருஷாந்திரச் சோதனையைச் சுத்தமாக முடித்து, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைப் பறப்புக்கு எங்கள் டாக்டர்தான் இடப்பக்கம் உட்கார்ந்தார். வாங்குபவரைத் தனியாக விடக்கூடாது, காப்புறுதி யார் பெயரில் இருக்கிறதோ அவரே ஓட்டவேண்டும். எரிபொருள் செலவு வாங்குபவருடையது. பணம் வக்கீல் கணக்கு வழியாக வந்தது. நாலு பங்காளிகளும் ஒரே நாளில் கையெழுத்துப் போட உட்காருவதுதான் எல்லாவற்றையும்விடச் சிரமமாக இருந்தது. உரிமை மாற்றத்துக்கு மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் மனுச் செய்தோம். உள்நாட்டிலேயே விற்றதால் 9எம் என்று தொடங்கும் மலேசியப் பதிவை நீக்கும் வேலை இல்லை. வெளிநாட்டுக்கு என்றால் பதிவு நீக்கம், ஏற்றுமதிக்கான பறக்கத் தகுதிச் சான்று என்று இன்னொரு சுற்று அலைச்சல் உண்டு.

காப்புறுதியை மட்டும் அவசரப்பட்டு நிறுத்தவில்லை. ஜோகூர்க்காரர் பெயரில் சான்றிதழ் வந்த பிறகுதான் ரத்து செய்தோம். மீதிக் காலத்துக்குத் திரும்பி வந்த தொகையில், முணுமுணுத்த பங்காளியின் யோசனைப்படி, எஞ்சினியருக்கு ஒரு உறை போனது.